மடங்காத கட்டைவிரல்

ஜனவரி 9

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

‘லிஃப்ட் நிற்காத மாடி’ என்ற மங்கா சித்திரக்கதையை ஒன்பது தொகுதிகளாக எழுதி வரைந்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். உங்கள் அக்கா என்ற முறையில் அல்ல. அந்த அம்மணி உங்களோடு பேச்சை நிறுத்தி ஏழு மாதம் ஆகிறது. அவள் கதையை டிவிக்கு அனிமேத் தொடராக எடுக்கப்போகிற இயக்குநர் அவள் கூடப்பிறந்தவன்தான் என்பதைப் பதிப்பாசிரியர் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து பேச்சில்லை. ஃபோன் செய்யாதீர்கள், எடுக்க மாட்டேன். என் ஆட்சேபங்கள் எழுத்தில்தான் வர வேண்டும் என்று ஒப்பந்தமே சொல்கிறது. நல்லதாகப் போயிற்று.

எட்டு எபிசோடுகள் பார்த்தாயிற்று. என் புத்தகத்தில் பூனை கிடையாது. உங்கள் படத்தில் ஒரு பூனை இருக்கிறது, அதற்குக் கதாநாயகியைவிட அதிக வேலை. என் பெண் மாடிப்படியை எண்ணிக்கொண்டே ஏறுவாள். உங்கள் பெண் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஏறுகிறாள். அவளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தது யார்? லிஃப்ட் கதவுக்குப் பச்சை நிறம் அடித்திருக்கிறீர்கள். யாரைக் கேட்டுப் பச்சை?

வாசகர்கள் எனக்குக் கடிதம் போடுகிறார்கள். “புத்தகத்தை அப்படியே எடுத்திருக்காங்க” என்று பாதிப்பேர், “புத்தகத்தைக் கொன்னுட்டாங்க” என்று பாதிப்பேர். இரண்டு கூட்டமும் ஒரே படத்தைத்தான் பார்த்ததா என்று எனக்கே சந்தேகம். அம்மாவை உட்காரவைத்து முதல் எபிசோடைப் போட்டுக் காட்டினேன். கண் கொட்டாமல் கடைசிவரை பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. யார் வீடு இது?” என்றாள்.

இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வேன். ஒன்றை மட்டும் பொறுக்க மாட்டேன். ஒன்பதாம் தொகுதி, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். லிஃப்ட் கதவு மூடிக்கொண்டு வருகிறது. மிச்சமிருக்கிற இடுக்கில் அப்பாவின் வலது கை மட்டும் தெரிகிறது, மகளுக்கு டாட்டா காட்டுகிறது. பக்கத்தைத் திருப்பினால் அடுத்த பக்கம் முழுக்க வெறும் வெள்ளை. உங்கள் கணக்கில் அது பதினோராவது எபிசோடு. அதில் ஒரு கோடு மாறினாலும் ஒப்புதல் படிவத்தில் என் கையெழுத்து விழாது.

இப்படிக்கு,
மூல ஆசிரியர்

ஜனவரி 17

அக்கா,

‘மூல ஆசிரியர்’ என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, மன்னித்துக்கொள்.

சொல்லாமல் இந்த வேலையை வாங்கியது தப்புதான். சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். அதற்குமேல் இப்போதைக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் பூனைக்குப் பதில் இருக்கிறது. உன் புத்தகத்தில் மாடிப்படி ஒரு முழுப் பக்கம். படிக்கிறவரின் கண் தானாகக் கீழிருந்து மேலே ஏறிவிடும், பெண் சும்மா நின்றாலும் போதும். டிவியில் அப்படி இல்லை. கண் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்துவிடும், யாராவது அதைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு போக வேண்டும். அதற்குத்தான் பூனையை வேலைக்கு வைத்தேன். எண்ணுவதை ஏன் விட்டேன் என்றால், நீ எழுதியபடி நூற்று நாற்பத்து நான்கு படிகளையும் சத்தமாக எண்ணினால் இரண்டு நிமிஷம் ஆகிறது. குரல் கொடுத்த பெண் எழுபதிலேயே தண்ணீர் கேட்டாள். கறுப்பு வெள்ளையில் வரைந்து வைத்துவிட்டு ஏன் பச்சை என்று நீ சண்டைக்கு வருவது நியாயமே இல்லை. உன் மனசில் அந்தக் கதவு என்ன நிறம்? நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. எனக்குப் பச்சையாகத்தான் ஞாபகம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் புத்தகத்தில் நம் வீட்டுக் கெட்டிலின் உடைந்த மூடிக்குக்கூட இடம் கொடுத்திருக்கிறாய். எனக்கு ஒரு கட்டம் கிடையாது. கதாநாயகி ஒரே பிள்ளையாம். மூலத்துக்கு உண்மையாக இல்லை என்று யார் யாரைச் சொல்வது?

சரி, சண்டை போதும். எனக்கு உன்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது, வேறு யாரிடமும் கேட்க முடியாது. அந்த வெள்ளைப் பக்கம் எத்தனை நொடி?

சிரிக்காதே. எங்களுக்கு ஒரு நொடி என்றால் இருபத்து நான்கு படம். ஷாட் ஷாட்டாக வரைந்து வைக்கிற ஸ்டோரிபோர்டில் வெள்ளைப் பக்கம் என்று எழுதினால் போதாது, எத்தனை நொடி என்றும் எழுத வேண்டும். நான் பத்து நாளாக அந்தக் கட்டத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். “மூணு நொடிக்கு மேல வெள்ளையா இருந்தா டிவி கெட்டுப்போச்சுன்னு எழுந்து வந்து தட்டுவாங்க” என்கிறார் தயாரிப்பாளர். நீ வரைந்தபோது எத்தனை நொடி என்று நினைத்தாய்?

தம்பி

ஜனவரி 24

தம்பி,

கோபம் வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது. ஆனால் உன் கேள்வி என்னைச் சும்மா இருக்கவிடவில்லை.

ஒன்பதாம் தொகுதியையும் ஒரு ஸ்டாப் வாட்சையும் பைக்குள் போட்டுக்கொண்டு ஒரு வாரம் அலைந்தேன். யாரிடமும் நான்தான் வரைந்தேன் என்று சொல்லவில்லை. “கொஞ்சம் படிச்சுப் பாருங்களேன்” என்று நீட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, கைக்குட்டைக்கு அடியில் பொத்தானை அமுக்கினேன். முதலில் அம்மா. இரண்டு நொடி. “அச்சு விட்டுப்போச்சா?” என்றாள். பல் டாக்டர் வரவேற்பறையில் கன்னம் வீங்கிய ஒருவர், நாலு நொடி. பல்வலியோடு இருக்கிறவர் அவ்வளவு தந்ததே பெரிது. சலவைக்கடையில் இருக்கும் பெண் வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தாள், முன்பக்கத்துக்குத் திரும்பிப் போனாள், மறுபடி வந்தாள், ஒன்பது நொடி. அந்தத் திரும்பிப் போனதையும் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா? உன் டிவியில் திரும்பிப் போக வழியே இல்லையே!

வங்கியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணிதான் என்னை உலுக்கிவிட்டார். அந்தப் பக்கத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். அவருடைய டோக்கன் எண்ணைக் கூப்பிடும்வரை, முப்பத்தொரு நொடி. புத்தகத்தைத் திருப்பித் தரும்போது, “யாராவது போனதும் வாசல் இப்படித்தாங்க இருக்கும்” என்று சொல்லிவிட்டுக் கவுண்டருக்குப் போனார். நான் வங்கிக்கு வந்த வேலையை மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உண்மையைச் சொன்னால், வரையும்போது நான் நேரத்தை நினைக்கவே இல்லை. அது படிக்கிறவர் பாடு என்று விட்டுவிட்டேன். நீ எல்லாருக்கும் சேர்த்து ஒரே நேரத்தை எழுத வேண்டும். பாவம்தான் நீ. அதை நீயே முடிவுசெய். வெள்ளையின் நீளத்துக்காகச் சண்டை போட மாட்டேன்.

கதவு எனக்கு நீலம். அம்மாவைக் கேட்டேன், “துரு நிறம்” என்கிறாள். ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று கதவு.

உன்னை ஏன் வரையவில்லை என்று கேட்டாயே. வரைந்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கோமாளியாக வந்து நின்றாய். உன்னைக் கோமாளியாக்க மனசு வரவில்லை, விட்டுவிட்டேன்.

கை மட்டும் புத்தகத்தில் உள்ளபடியே.

அக்கா

பிப்ரவரி 2

அக்கா,

பதினோராவது எபிசோடின் ஸ்டோரிபோர்டு இத்துடன் இருக்கிறது. நீ அளவெடுத்த கதையை இங்கே எல்லாருக்கும் படித்துக் காட்டினேன், வங்கிப் பெண்மணி வருகிற இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்கள்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு சின்ன மாற்றம். கையை எடுத்திருக்கிறேன். கதவு மூடுவது மட்டும் இருக்கும். இடுக்கு சிறியது, கை தெரியும் அளவுக்குக் கேமரா கிட்டப் போனால் கதவு மூடும் வேகம் கெடுகிறது. தொழில்நுட்பக் காரணம்தான், வேறொன்றுமில்லை. தயவுசெய்து கையெழுத்துப் போட்டு அனுப்பு.

தம்பி

பிப்ரவரி 6

உனக்குத் தொழில்நுட்பக் காரணமா? யாருக்குக் காது குத்துகிறாய்?

பூனையை விட்டேன். பாட்டை விட்டேன். பச்சைக் கதவை விட்டேன். எதைத் தொடாதே என்றேனோ அதையே கத்தரித்து எடுத்துவிட்டு, ‘சின்ன மாற்றம்’ என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

அந்தக் காலையை உனக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டுமா? அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் ஓட வைத்தார், நம் கட்டடத்து லிஃப்ட் மட்டும் மூன்று மாதமாக நாம் குடியிருந்த எட்டாவது மாடியில் நிற்கவில்லை. முந்தின நாள்தான் அதைச் சரிசெய்தார். நாம் இரண்டு பேரும் கைதட்டினோம். சாமான்களோடு இறங்கிப் போவதற்காகத்தான் சரிசெய்கிறார் என்று பத்து வயசுப் பெண்ணுக்கு என்ன தெரியும்? வேறு ஊரில் வேலை என்று போனார், இருபத்து நான்கு வருஷம் ஆகிறது. ஒரு கடிதம் இல்லை. நான் தலைக்கு ஷாம்பு போட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்த நேரத்தில் போனார். கதவுச் சத்தம் கேட்டு நுரையோடு ஓடி வந்தேன், லிஃப்ட் போய்விட்டது. நீ மட்டும் நடைக்கூடத்தில் நின்றாய், ஏழு வயசு. “அப்பா என்னைக் கேட்டாரா?” என்றேன். “உனக்கு டாட்டா காட்டினார்க்கா” என்று சொன்னவன் நீ. எப்படிக் காட்டினார் என்று கையால் செய்தும் காட்டினாய்.

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த ஒரு கைதான். அதை வைத்துக்கொண்டுதான் ஒன்பது தொகுதி வரைந்தேன். நான் பார்க்காததை நீ பார்த்தாய். பார்த்தவனே அதை அழிப்பான் என்று நான் நினைக்கவில்லை.

கையெழுத்து கிடையாது.

பிப்ரவரி 12

அக்கா,

பொய் சொன்னேன், தொழில்நுட்பக் காரணம் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஸ்டுடியோவில் ஒரு பெண் இருக்கிறாள். கை வருகிற ஷாட் எல்லாம் அவளிடம்தான் போகும். ஆளுக்கு ஆள் அவளைக் ‘கைக்காரி’ என்றே கூப்பிடுவார்கள், அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள். உன் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பெரிதாக்கி மேஜைமேல் ஒட்டிவைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்தாள். நான்காம் நாள் என் அறைக்கு வந்தாள்.

“சார், இந்தக் கை எப்படி அசையுது?”

“டாட்டா காட்டுது.”

“அது தெரியுது. எப்படி? பெரியவங்க காட்டுனா கை இடமும் வலமும் ஆடும், விரல் விரிஞ்சிருக்கும், கட்டைவிரல் வெளியே இருக்கும். இதுல கட்டைவிரல் உள்ளங்கைக்குள்ள மடங்கியிருக்கு. இப்படி வெச்சா கை ஆடாது. நாலு விரலும் மடங்கி மடங்கி விரியும். சின்னப் பிள்ளைங்க அப்படித்தான் காட்டும். அளவு பெரியவங்க கை, ஆனா இது பிள்ளை கை. எந்தப் பக்கம் ஆட்டறது, சொல்லுங்க.”

புத்தகத்தில் இந்தக் கேள்வியே வராது அக்கா. அங்கே கை நிற்கிறது. அதை அசைப்பது படிக்கிறவர், அவரவர் பார்த்த கையை வைத்து அசைத்துக்கொள்வார். எங்களால் அப்படி விட முடியாது. “அப்புறம் சொல்றேன்” என்று அவளை அனுப்பிவிட்டேன். அன்று மாலையே ஸ்டோரிபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

தயாரிப்பாளர் கெடு வைத்துவிட்டார். இருபத்தெட்டாம் தேதிக்குள் உன் கையெழுத்து வராவிட்டால் இந்த எபிசோடை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார். வருகிறவர் கையைத் திரும்ப வைப்பார், விளம்பரத்தில் வருகிற மாதிரி இப்படியும் அப்படியும் ஆட்டுவார். உனக்கு அதுதான் வேண்டுமென்றால் நான் குறுக்கே நிற்கவில்லை.

தம்பி

பிப்ரவரி 15

தம்பி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கையை வைத்துவிட்டால் உன் வேலை தப்பும், நானும் சமாதானம். எடுத்தால் இரண்டும் போகும். இது தெரிந்தும் எடுக்கிறாய். பைத்தியக்காரன் இல்லை நீ, பிறகு ஏன்?

அதனால் மூலப் படங்கள் இருக்கும் பெட்டியை இறக்கினேன். உன் கைக்காரி கெட்டிக்காரி, ஆனால் அவள் மற்றப் பக்கங்களையும் பார்த்து உன்னிடம் இன்னொன்றும் சொல்லியிருப்பாள், நீ எனக்கு எழுதவில்லை. அப்பாவின் வலது கட்டைவிரல் மடங்காது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் லிஃப்ட் கதவில் நசுங்கி, ஆணி அடித்த மாதிரி விறைத்துக்கொண்டே நிற்கும். சட்டைப் பொத்தானைக்கூட அம்மாதான் போட்டுவிடுவாள். ஒன்பது தொகுதியிலும் தேடிப் பார்த்தேன். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கும்போது, கோப்பை தூக்கும்போது, மகள் தலையைத் தடவும்போது, எல்லா இடத்திலும் அந்த விரல் நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு பக்கத்திலும் நான் தவறவில்லை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மட்டும் மடங்கியிருக்கிறது.

கை வரைந்து பிழைக்கிறவள் நான். லட்சம் பேர் பார்த்த பக்கம் அது. எனக்குத் தெரியவில்லை, பதிப்பாசிரியருக்குத் தெரியவில்லை, வாசகர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அசைக்க வேண்டிய கட்டாயம் வந்த ஒருத்திக்குத்தான் தெரிந்திருக்கிறது.

அந்தக் கையை நான் எங்கே பார்த்தேன் என்று யோசித்தேன். நீ காட்டினாய். “எப்படிக் காட்டினார், இன்னொரு தடவை காட்டு” என்று உன்னை ஒரு வருஷம் படுத்தியெடுத்தேன். ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலை உள்ளே வைத்து, நாலு விரலையும் மடக்கி மடக்கி விரித்தாய்.

தம்பி, அப்பா கை காட்டினாரா?

பிப்ரவரி 19

அக்கா,

காட்டவில்லை.

அவர் இரண்டு கையிலும் சாமான் இருந்தது. வலது கையில் கருவிப்பெட்டி, இடது கையில் துணி மூட்டை. லிஃப்ட் பொத்தானை முழங்கையால் அமுக்கினார். நான், “அக்கா குளிச்சுக்கிட்டிருக்கா, இப்ப வந்துடுவா, இருங்கப்பா” என்றேன். “லிஃப்ட் வந்தாச்சுடா” என்றார். அவ்வளவுதான். உள்ளே போய் நின்றவர் என்னைப் பார்க்கவில்லை, கதவுக்கு மேலே எரிகிற மாடி எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு மூடியது. நான்தான் கை காட்டினேன். கதவு மூடிய பிறகும் காட்டினேன். வெளியே நான் நின்ற பக்கமும் மேலே எண் எரிந்தது, ஏழு, ஆறு, ஐந்து என்று. தரைத்தளம் வரைக்கும் கையை இறக்கவில்லை. ஒருவேளை திரும்பி மேலே வந்தால் நான் கையை இறக்கிவிட்டேன் என்று நினைத்துவிடுவாரோ என்று பயம்.

அப்புறம் நீ வந்தாய். கண்ணில் நுரை எரிய, தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றாய். “என்னைக் கேட்டாரா?” என்றாய். அக்கா, அவர் உன்னைக் கேட்கவில்லை. அதை எப்படி உன்னிடம் சொல்வது? என்னிடம் அப்போது இருந்தது என் கை மட்டும்தான். அதைக் காட்டிவிட்டேன். நீ அழுகையை நிறுத்தினாய். மறுநாளும் கேட்டாய், மறுநாளும் காட்டினேன். ஒரு வருஷம் கழித்து நீ கேட்பதை நிறுத்தினபோது, அப்பாடா, மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

ஒன்பதாம் தொகுதி வெளிவந்த அன்று கடையிலேயே நின்று படித்தேன். நூற்றுப் பன்னிரண்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஏழு வயசில் நான் சொன்ன பொய்யை நீ எவ்வளவு அழகாக வரைந்திருந்தாய்! படமாக எடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் உனக்குத் தெரியாமல் ஓடிப்போய் இந்த வேலையைக் கேட்டேன். யாரோ ஒருவர் அந்தப் பொய்யை உயிரோடு அசையவிட்டு, நீ அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை என்னால் தாங்க முடியாது. சத்தமில்லாமல் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். உன்னிடம் உண்மையைச் சொல்லத் துணிச்சல் இருந்திருந்தால் இந்தச் சுற்றுவழி தேவைப்பட்டிருக்காது.

நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

தம்பி

பிப்ரவரி 24

தம்பி,

உன் கடிதம் வந்ததும் இரண்டு நாள் உன்மேல் அப்படியொரு கோபம். மேஜையைவிட்டு எழுந்து எழுந்து நடந்தேன். என் அப்பாவின் கை என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததை, இல்லை என்று ஒரு தாளில் எழுதி அனுப்பிவிட்டாயே என்று அழுதேன். மூன்றாம் நாள் கோபம் உன்னைவிட்டு அவர்மேல் போனது. வெட்கமாக இருக்கிறது, இருபத்து நான்கு வருஷம் தாமதமாக எனக்கு அவர்மேல் கோபம் வருகிறது. டாட்டா காட்டிவிட்டுப் போனவர்மேல் எப்படிக் கோபப்படுவது என்று இருந்துவிட்டேன் போலிருக்கிறது.

அம்மாவிடம் போய், “அப்பா போனப்ப கை காட்டலையாம்மா” என்றேன். கெட்டிலை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டே, “ரெண்டு கையிலயும் சாமான். நான்தானே கட்டிக் கொடுத்தேன். எந்தக் கையால காட்டுவாரு?” என்றாள்.

“உனக்குத் தெரியுமா? ஏன் சொல்லலே?”

“சின்னவன் காட்டினான், நீ எழுந்து வந்து சாப்பிட்டே. அப்புறம் நான் எதுக்குச் சொல்லணும்?” என்று சொல்லிவிட்டுத் தண்ணீரை ஊற்றினாள்.

நம் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியாமல், நான் அதை ஊருக்கெல்லாம் அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். சிரிப்பு வந்துவிட்டது தம்பி. அழுது முடித்தபிறகுதான், ஆனால் வந்தது.

இன்று காலை அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். யார் கை என்று தெரிந்துகொண்டு பார்த்தது இதுதான் முதல் தடவை. உன்னைக் கோமாளியாகத்தான் வரைய வருகிறது என்று எழுதினேனே, அது பொய்யாகிவிட்டது. ஒன்பது தொகுதியில் உனக்கு ஒரு கட்டம் இல்லை என்றாய். முழுப் பக்கம் இருந்திருக்கிறதே, இருப்பதிலேயே நல்ல பக்கம்!

அதனால் இப்போது மூல ஆசிரியர் சொல்கிறாள், கேட்டுக்கொள். கையை எடுக்கக் கூடாது. ஒரு கோடும் மாறக் கூடாது. கட்டைவிரல் உள்ளேயே மடங்கியிருக்கட்டும். இப்படியும் அப்படியும் ஆட்டவும் கூடாது, நாலு விரலும் மடங்கி விரிய வேண்டும். கைக்காரிக்குச் சந்தேகம் வந்தால், நீ அவள் முன்னால் போய் நின்று காட்டு. உனக்குத் தெரியாததா, ஒரு வருஷம் ஒத்திகை பார்த்திருக்கிறாய்.

இன்னும் ஒன்று. வெள்ளைப் பக்கம் எத்தனை நொடி என்று கேட்டாய், நான் ஊரெல்லாம் அளந்தேன். கதவு மூடியதிலிருந்து நான் நுரையோடு வந்து நின்றதுவரை நீ அங்கே தனியாக நின்றாய். அதுதான் அந்தப் பக்கம். அது எவ்வளவு நேரம் என்று நீ சொன்னால்தான் உண்டு, நான் அங்கே இல்லை.

அக்கா

பிப்ரவரி 26

அக்கா,

இதை எழுதும்போது கைக்காரி எதிரே உட்கார்ந்து என் கையையே முறைத்துக்கொண்டிருக்கிறாள். நேற்று முழுக்க அவள் முன்னால் டாட்டா காட்டினேன். வழியில் போகிறவர்கள் எல்லாம் எனக்குத் திரும்ப டாட்டா காட்டிவிட்டுப் போனார்கள். “சார், தோள் விறைச்சிருக்கு. கதவு மூடிக்கிட்டே வருது, உங்களுக்கு ஏழு வயசு” என்று அதட்டினாள். அப்புறம் எனக்கு நடிக்க வேண்டியிருக்கவில்லை. அவள் வேகவேகமாக வரைந்தாள். முடித்தபிறகு ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

நொடிக்கு வழி கிடைத்துவிட்டது. தரைத்தளம் வரைக்கும் எண் எரிவதைப் பார்த்தேன் என்றேனே, நீ வந்தது தரைத்தளத்து எண் எரிந்தவுடன்தான். நம் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். அதே காலத்து லிஃப்ட் இருக்கும் எட்டு மாடிக் கட்டடம் ஒன்றைத் தேடிப் பிடித்து, கைக்காரி கீழே, நான் மேலே நின்று அளந்தோம். பத்துத் தடவை அனுப்பினோம், காவலாளி எங்களைத் துரத்தாத குறை. இருபத்தாறு நொடி. அக்கா, நான் அதை ஒரு மணிநேரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“இருபத்தாறு நொடி வெள்ளையா? உனக்கென்ன மூளை குழம்பிப்போச்சா?” என்று தயாரிப்பாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். மூல ஆசிரியர் எழுத்தில் கொடுத்தால் மட்டும் சம்மதமாம். பென்சில் கோடாக எடுத்த ஷாட்டைப் பென் டிரைவில் போட்டிருக்கிறேன். கூரியர்க்காரர் உன் வாசலிலேயே நின்று பதிலை வாங்கிவருவார். பார்த்துவிட்டுச் சொல். பிடிக்காவிட்டால் கையெழுத்துப் போடாதே, நிஜமாகவே சொல்கிறேன்.

தம்பி

பிப்ரவரி 28

சின்னவனுக்கு,

கூரியர்க்காரர் வாசலில் நிற்கிறார், அதனால் நீட்டவில்லை.

அம்மாவிடம் எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டேன். பென்சில் கோடு மட்டும்தான், நிறமில்லை, சத்தமில்லை. கை மடங்கி விரிந்தது, கதவு மூடியது, வெள்ளை வந்தது. டிவி கெட்டுப்போச்சா என்று அம்மா கேட்கவில்லை. வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். எத்தனை நொடி ஆயிற்று என்று எனக்குத் தெரியாது, ஸ்டாப் வாட்சை எடுக்கவே மறந்துவிட்டேன். முடியும் சமயத்தில் அம்மா மெதுவாக, “இது நம்ம சின்னவன் கை” என்றாள்.

இருபத்தாறு நொடிக்குச் சம்மதம் என்று தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன், உன் தயாரிப்பாளர் தலையிலிருந்து கையை எடுக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஃபோன் பண்ணு, எடுக்கிறேன்.

ஒப்புதல் படிவமும் உள்ளே இருக்கிறது. ‘மூலத்திலிருந்து ஏதேனும் மாற்றம் உண்டா?’ என்று ஒரு கேள்வி போட்டுக் கட்டம் விட்டிருக்கிறார்கள். அதில் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பூனை இருந்துவிட்டுப் போகட்டும்.

அக்கா